29 பதக்கங்கள் எங்கே விளைந்தன? பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்திய அணி: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 செப்டம்பர் 4, பாரிஸ். ஆண்கள் கிளப் எறிதல் (சிறு மரக்கட்டையை எறியும் போட்டி), இறுதிச் சுற்று. ஹரியானாவின் சோனிபட்டைச் சேர்ந்த தரம்பீர், பெல்ட்டுகளால் இருக்கையோடு சேர்த்துக் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் எறி செல்லாது. இரண்டாவது செல்லாது. மூன்றாவது, நான்காவது, அவையும் செல்லாது. உட்கார்ந்து எறியும் போட்டிகளில் ஒருவர் தன் ஆறு வாய்ப்புகளையும் அடுத்தடுத்து எறிந்து முடித்துவிட வேண்டும். நடுவே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து மனதைத் தேற்றிக்கொண்டு வர முடியாது. ஐந்தாவது எறியில் கட்டை 34.92 மீட்டர் போய் விழுந்தது. ஆசிய சாதனை, தங்கம். 34.59 மீட்டர் எறிந்த இன்னொரு இந்தியர் பிரணவ் சூர்மாவுக்கு வெள்ளி.

அதே இறுதிப் போட்டியில் மூன்றாவதாக ஓர் இந்தியரும் இருந்தார். பெயர் அமித் சரோஹா. கடைசி இடத்தில் வந்தார். தரம்பீருக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அந்தக் காட்சி. பாரிஸில் இந்தியா 29 பதக்கங்கள் வென்றது, 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம், பட்டியலில் 18ஆவது இடம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த 29 எங்கிருந்து வந்தது, எங்கிருந்து வரவில்லை என்று யாரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. நான் பிரித்துப் பார்த்தேன். ஏற்கெனவே ஒருவர் நடந்து காட்டிய பாதை இருந்த விளையாட்டுகளில் பதக்கம் குவிந்திருக்கிறது. பாதையே போடப்படாத விளையாட்டுகளில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. என் வாதம் இவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் அதற்கான ஆதாரம்.

பின்னணி

இந்தியாவின் முதல் பாராலிம்பிக் பதக்கமே தங்கம். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில், முரளிகாந்த் பெட்கர் வென்றது. 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் அவர். அதற்குப் பிறகு 1984இல் நான்கு பதக்கங்கள். அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு வெறுமை. 2004 ஏதென்ஸில் தேவேந்திர ஜஜாரியாவின் ஈட்டித் தங்கம், ராஜிந்தர் சிங் ரஹேலுவின் பளுதூக்கும் வெண்கலம். 2008இல் ஒன்றும் இல்லை. 2012 லண்டனில் கிரிஷா, உயரம் தாண்டுதலில் ஒரே ஒரு வெள்ளி. 2016 ரியோவில் நான்கு. கூட்டினால், 2016 வரை மொத்தமே 12 பதக்கங்கள்.

டோக்கியோவுக்கு 54 பேர் போனார்கள், 19 பதக்கங்கள் வந்தன. பாரிஸுக்கு 84 பேர், 12 விளையாட்டுகள், 29 பதக்கங்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் சேர்த்ததைப் போல நான்கு மடங்கை அடுத்த இரண்டே போட்டிகளில் சேர்த்திருக்கிறோம்.

இந்த ஏற்றத்துக்கு நடுவில் நிர்வாகம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2015இல் காசியாபாத்தில் நடந்த தேசிய பாரா தடகளப் போட்டிக்கு வந்த வீரர்களுக்குச் சரியான தங்குமிடம் இல்லை, சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை இல்லை. அந்தப் படங்கள் வெளியானதும் நாடே வெட்கப்பட்டது. இந்திய பாராலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரத்தை மத்திய அரசு ரத்து செய்தது, சர்வதேச கமிட்டியும் இடைநீக்கம் செய்தது. 2019இல் வேறொரு சிக்கலில் மீண்டும் அங்கீகாரம் போனது, பிறகு திரும்ப வந்தது. 2020இல் தீபா மாலிக்கும், 2024 மார்ச்சில் தேவேந்திர ஜஜாரியாவும் தலைவர் பொறுப்புக்கு வந்தார்கள். இருவருமே பதக்கம் வென்ற வீரர்கள். விளையாடியவர்களே நாற்காலியில் உட்கார்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பணமும் கூடியது. டோக்கியோவுக்கான தயாரிப்பில் மத்திய அரசு செலவழித்தது சுமார் 26 கோடி ரூபாய், பாரிஸுக்கு 74 கோடி. ஏறக்குறைய மூன்று மடங்கு. பதக்கம் மூன்று மடங்காகவில்லையே என்று கேட்பவர்கள், தடகள வீரரைத் தயார் செய்ய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இன்று போட்ட உரம் இந்தப் போகத்திலேயே விளைந்துவிடாது.

எண்களைப் பிரித்தால்

டோக்கியோவின் 19இல் தடகளம் 8, துப்பாக்கி சுடுதல் 5, பேட்மிண்டன் 4, வில்வித்தை 1, டேபிள் டென்னிஸ் 1. பாரிஸின் 29இல் தடகளம் 17, பேட்மிண்டன் 5, துப்பாக்கி சுடுதல் 4, வில்வித்தை 2, ஜூடோ 1. பத்துப் பதக்கங்கள் கூடின என்கிறோம். அதில் ஒன்பது தடகளத்திலிருந்து மட்டும் கூடியவை. மற்ற விளையாட்டுகளில் இங்கே ஒன்று ஏறியது, அங்கே ஒன்று இறங்கியது, அவ்வளவுதான்.

ஆள் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. 84 பேரில் 38 பேர் தடகளம், 13 பேர் பேட்மிண்டன், 10 பேர் துப்பாக்கி சுடுதல், 6 பேர் வில்வித்தை. இந்த 67 பேரிடமிருந்து 28 பதக்கங்கள். மீதி எட்டு விளையாட்டுகளுக்குப் போன 17 பேரிடமிருந்து ஒன்று. அந்த ஒன்று மத்தியப் பிரதேசத்தின் கபில் பர்மார் ஜூடோவில் வென்ற வெண்கலம். இந்திய ஜூடோவுக்கு ஒலிம்பிக்கிலும் சரி, பாராலிம்பிக்கிலும் சரி, அதுதான் முதல் பதக்கம்.

தடகளத்தின் 17ஐயும் உடைத்துப் பார்த்தேன். எறிதலில் 9, உயரம் தாண்டுதலில் 4, ஓட்டத்தில் 4. இதைப் பிரிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது: எறிதலிலும் தாண்டுதலிலும் வந்த 13 பதக்கங்களும் ஆண்கள் வென்றவை. ஓட்டத்தில் வந்த நான்கும் பெண்கள் வென்றவை. 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் பிரீத்தி பால், 400 மீட்டரில் தீப்தி ஜீவாஞ்சி, 200 மீட்டரில் சிம்ரன். அதிலும் பிரீத்தியும் சிம்ரனும் டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் கஜேந்திர சிங் என்ற ஒரே பயிற்சியாளரிடம் தயாரானவர்கள். அதாவது இந்தியாவின் பாராலிம்பிக் வரலாற்றில் ஓட்டப் போட்டிகளில் கிடைத்த முதல் நான்கு பதக்கங்களில் மூன்று, ஒரே மனிதரின் கைவழியாக வந்தவை. நாடு முழுக்க எத்தனை பெண்கள் இப்படி ஒருவர் கிடைக்காமல் நிற்கிறார்கள் என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

ஒருவர் பின் ஒருவராக

உயரம் தாண்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் கிரிஷா வெள்ளி வென்றபோது அது ஒரு தனி மனிதரின் சாதனை. 2016இல் மாரியப்பன் தங்கவேலு தங்கம், வருண் சிங் பாட்டி வெண்கலம். டோக்கியோவில் நால்வர்: மாரியப்பன், ஷரத் குமார், நிஷாத் குமார், பிரவீன் குமார். பாரிஸிலும் அதே நால்வர், அதே நான்கு பதக்கங்கள். பிரவீன் 2.08 மீட்டர் தாண்டி, டோக்கியோ வெள்ளியைத் தங்கமாக்கிக்கொண்டார்.

ஈட்டியில் இன்னும் நீளமான வரிசை. 2004இல் ஜஜாரியா, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2016இல் மீண்டும் ஜஜாரியா. டோக்கியோவில் அவரே வெள்ளி, பக்கத்தில் சுந்தர் சிங் குர்ஜார் வெண்கலம், வேறொரு பிரிவில் சுமித் அந்தில் உலக சாதனையோடு தங்கம். பாரிஸில் ஜஜாரியா களத்தில் இல்லை, கமிட்டியின் தலைவராக இருக்கிறார். அவர் எறிந்த அதே பிரிவில் அஜீத் சிங் வெள்ளி, குர்ஜார் வெண்கலம். சுமித் 70.59 மீட்டர் எறிந்து தங்கத்தைத் தக்கவைத்தார். குள்ள உருவம் கொண்டவர்களுக்கான எஃப்41 பிரிவில் நவ்தீப் சிங் 47.32 மீட்டர் எறிந்தார். டோக்கியோவில் நான்காவதாக வந்து வெறுங்கையோடு திரும்பியவர் அவர்.

கிளப் எறிதலுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான பிரிவு எஃப்51. கால்கள் இயங்காது என்பது மட்டுமல்ல, உடற்பகுதியில் பிடிமானம் இருக்காது, விரல்கள் மடங்கிப் பிடிக்காது. 397 கிராம் எடையுள்ள கட்டையைப் பசை தடவிக் கையில் ஒட்டவைத்துக்கொண்டு, தோளின் வீச்சால் எறிகிறார்கள். தரம்பீர் கால்வாயில் குதித்தபோது ஆழம் தவறிப் பாறையில் மோதியவர். பிரணவுக்குப் பதினாறு வயதில் தலையில் சிமெண்ட் கூரை விழுந்தது. நம் ஊர்களில் இப்படி ஒரு விபத்து நடந்தால் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குக் கட்டில்தான் உலகம். "பாவம், என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு உறவுகள் கிளம்பிவிடுவார்கள்.

இவர்களுக்கு முன்னால் அமித் சரோஹா இருந்தார். கார் விபத்தில் அவருக்கும் அதே காயம். லண்டனிலிருந்து ஒவ்வொரு பாராலிம்பிக்குக்கும் போனவர். ரியோவில் நான்காவது இடம், டோக்கியோவில் ஐந்தாவது. பதக்கம் ஒருமுறைகூட இல்லை. ஆனால் இருக்கையை எப்படி அமைப்பது, பெல்ட்டை எங்கே கட்டுவது, எந்தக் கோணத்தில் தோளைத் திருப்புவது என்பதெல்லாம் அவர் உடம்பில் எழுதிவைத்த பாடம். அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, எழுந்து நடக்கக்கூடிய பயிற்சியாளருக்கும் முழுதாகத் தெரியாது. டோக்கியோவில் குருவுக்கு ஐந்தாம் இடம், சீடனுக்கு எட்டாம் இடம். பாரிஸில் சீடனுக்கு முதலிடம், குருவுக்குக் கடைசி இடம். தங்கம் வென்றதும் தரம்பீர் அதை சரோஹாவுக்குக் காணிக்கையாக்கினார். பதக்கப் பட்டியலில் சரோஹாவின் பெயர் எங்கேயும் வராது. என் கணக்கில் அந்தத் தங்கத்திலும் வெள்ளியிலும் பாதி அவருடையது.

ராணுவமும் இப்படி ஒரு வரிசையைக் கட்டியிருக்கிறது. நாகாலாந்தின் ஹொகாடோ ஹொடொஷே சேமா, 2002இல் காஷ்மீரில் கண்ணிவெடியில் கால் இழந்தவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகே குண்டு எறிதலுக்கு வந்தார். காயம்பட்ட வீரர்களுக்காக ராணுவம் புனேயில் நடத்தும் பாராலிம்பிக் பயிற்சி மையம் அவரைத் தூக்கிவிட்டது. நாற்பது வயதில், பாரிஸில், 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம்.

மூன்று தமிழ்ப் பெண்கள், ஒரு சேலத்துக்காரர்

தமிழ்நாட்டிலிருந்து பாரிஸ் போனவர்கள் ஆறு பேர். பதக்கத்தோடு வந்தவர்கள் நால்வர். பேட்மிண்டனில் இந்தியப் பெண்கள் வென்ற மூன்று பதக்கங்களும் தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றவை என்பதை இங்கே பலர் கவனிக்கவே இல்லை.

எஸ்யூ5 என்பது கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு. அதன் அரையிறுதி ஒன்றில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசனும் திருவள்ளூரின் மணிஷா ராமதாஸும் எதிரெதிரே நின்றார்கள். ஒரே மாநிலம், ஒரே அணி, ஒருவருக்கொருவர் ஆட்டம் மனப்பாடம். துளசிமதி 23-21, 21-17 என்று வென்றார். இறுதியில் சீனாவின் யாங் சியுசியாவிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளி. மணிஷா தோல்வியை ஒதுக்கிவைத்துவிட்டு டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரெனை 21-12, 21-8 என்று சுருட்டி வெண்கலம் எடுத்தார். பிறக்கும்போதே வலது கை நரம்பு பாதிக்கப்பட்டவர் மணிஷா. துளசிமதிக்கு இடது கையில் குறைபாடு. அவருக்கும் அவர் அக்காவுக்கும் ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது கூலி வேலை பார்த்த அப்பா. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டேதான் துளசிமதி பாரிஸுக்குத் தயாரானார்.

மூன்றாமவர் ஓசூரின் நித்யஸ்ரீ சிவன். குள்ள உருவம் கொண்டவர்களுக்கான எஸ்எச்6 பிரிவு. கலப்பு இரட்டையரில் மதுரையின் சிவராஜனோடு சேர்ந்து ஆடி, வெண்கலப் போட்டியில் இந்தோனேசிய ஜோடியிடம் தோற்றார். அந்த ஜோடியில் ஒருவர் ரினா மர்லினா. ஒற்றையர் வெண்கலத்துக்கும் எதிரில் வந்து நின்றவர் அதே ரினாதான். 21-14, 21-6. அந்த இரண்டாவது செட்டைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பேட்மிண்டன் பாராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே டோக்கியோவில்தான். அப்படியிருந்தும் இரண்டு போட்டிகளில் இந்தியாவுக்கு ஒன்பது பதக்கங்கள். காரணம், பாராலிம்பிக் கதவு திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கௌரவ் கன்னா போன்ற பயிற்சியாளர்கள் லக்னோவில் ஆட்களைச் சேர்த்துத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கதவு திறந்தபோது வாசலில் ஒரு படையே நின்றது. டோக்கியோவில், கால் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்எல்3 பிரிவின் தங்கம் பிரமோத் பகத்துக்கு. பாரிஸுக்குச் சில வாரங்கள் முன்பு அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். தன் இருப்பிடத் தகவலை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்குத் தரத் தவறியதற்காகப் பதினெட்டு மாதத் தடை. வேறு விளையாட்டாக இருந்திருந்தால் அந்தத் தங்கம் அங்கேயே போயிருக்கும். பேட்மிண்டனில் அடுத்த ஆள் தயாராக இருந்தார். ரயில் விபத்தில் கால் இழந்த, மண்டி ஐஐடியில் படித்த நித்தேஷ் குமார். பிரிட்டனின் டேனியல் பெத்தெல்லை அதுவரை வென்றதே இல்லாத நித்தேஷ், இறுதிப் போட்டியில் 21-14, 18-21, 23-21 என்று முடித்தார். அந்த ஆழம்தான் நான் சொல்லவருவது.

மாரியப்பனைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி கூடிவிடும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றினார். ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர். "தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கிக்கொண்டே வருகிறாரே" என்று சிலர் பேசினார்கள். எட்டு ஆண்டுகளில் அவர் உயரம் குறைந்தது நான்கு சென்டிமீட்டர். அதே காலத்தில் அந்தப் பிரிவே மாறிவிட்டது. பாரிஸில் அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெக் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு 1.94 தாண்டினார். மாரியப்பன் செயற்கைக் கால் இல்லாமல் தாண்டுகிறார். பாரிஸுக்கு மூன்று மாதம் முன்பு ஜப்பானின் கோபேயில் 1.88 தாண்டி உலக சாம்பியன் ஆனவர் அவர். இதை இறங்குமுகம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது.

வகைப்பாடு என்ற கத்தி முனை

பாரா விளையாட்டை முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் தருவது இந்த எழுத்தும் எண்ணும். டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும், எஃப் என்றால் எறிதல். எண் குறைபாட்டின் வகையையும் அளவையும் சொல்கிறது. 20 என்றால் அறிவுத்திறன் குறைபாடு, 35 என்றால் மூளை முடக்குவாதத்தின் ஒரு வகை, 60களில் வருபவை பெரும்பாலும் கால் இழப்பு. ஒரே அளவு தடை உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மருத்துவரும் விளையாட்டு நிபுணரும் சேர்ந்து உடலைச் சோதித்து, எறிவதையும் ஓடுவதையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஒரு படி மேலே தள்ளிவிட்டால் பதக்க வாய்ப்பு போய்விடும்.

டோக்கியோவில் இந்தியா இதில் அடிபட்டது. வட்டு எறிதலில் வினோத் குமார் மூன்றாவதாக வந்தார், ஆனால் அந்தப் பிரிவுக்கு அவர் பொருந்தவில்லை என்று முடிவாகி வெண்கலம் பறிபோனது. பாரிஸில் விதிப்புத்தகம் நம் பக்கம் திரும்பியது. நவ்தீப்பின் ஈட்டிப் போட்டியில் முதலில் வந்தவர் ஈரானின் சதேக் பெய்த் சயா. விளையாட்டுத் திடலில் காட்டக்கூடாத கொடியைக் காட்டியதற்காக அவர் தகுதிநீக்கம் ஆனார், நவ்தீப்பின் வெள்ளி தங்கமாக உயர்ந்தது. நவ்தீப்பின் எறியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆய்வு என்று எழுதும்போது ஏழு தங்கங்களில் ஒன்று இப்படி வந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

இந்த வகைப்பாடு காரணமாகத்தான் ஒலிம்பிக்கோடு நேராக ஒப்பிடுவதும் சரியல்ல. அதே ஆண்டு அதே நகரில் ஒலிம்பிக் அணி 6 பதக்கம் கொண்டுவந்தது, பாரா அணி 29 கொண்டுவந்தது என்று சமூக ஊடகங்களில் சுற்றியது. ஒலிம்பிக்கில் 329 போட்டிகள், பாராலிம்பிக்கில் 549. ஈட்டி எறிதல் ஒன்றே பல பிரிவுகளாகப் பல தங்கங்கள். ஒரு பக்கத்தைத் தாழ்த்தி இன்னொரு பக்கத்தைப் புகழ்வது பாரா வீரர்களுக்கும் மரியாதை ஆகாது. அவர்களை அவர்கள் களத்தில் உள்ள சீனாவோடும் பிரிட்டனோடும் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். சீனா 94 தங்கம், மொத்தம் 220. பிரிட்டன் 49 தங்கம், மொத்தம் 124.

நூலிழைகள்

வெற்றியைப் போலவே தவறவிட்டதையும் பார்க்க வேண்டும். கைகள் இல்லாமல் காலால் அம்பு விடும் ஷீத்தல் தேவி, பதினேழு வயது, ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார். தகுதிச் சுற்றில் 703 புள்ளிகள். பழைய உலக சாதனையான 698ஐத் தாண்டினார், ஆனால் துருக்கியின் ஓஸ்னுர் ஜூரே 704 எடுத்து ஒரு புள்ளியில் முந்தினார். ஒற்றையரில் சிலியின் மரியானா சுனிகாவிடம் 137-138. மறுபடி ஒரு புள்ளி. இன்னொரு வில்வித்தை வீரர் ராகேஷ் குமார் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சீனாவின் ஹெ சிஹாவோவிடம் 146-147. அவருக்கும் ஒரு புள்ளி. பிறகு இருவரும் ஜோடியாக இறங்கி இத்தாலியை 156-155 என்று வென்று வெண்கலம் எடுத்தார்கள். மூன்று முறை கைநழுவிய அந்த ஒரு புள்ளி நான்காவது முறை இவர்கள் பக்கம் நின்றது. அதே வில்வித்தையில் ஹர்விந்தர் சிங் இறுதியில் போலந்துக்காரரை 6-0 என்று வென்றது, ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்தாலும் இந்திய வில்வித்தைக்கே முதல் தங்கம்.

ஆட்கள் கணக்கும் ஒன்று உண்டு. பாரிஸில் பதக்கம் தொட்ட இந்தியர்கள் 29 பேர் (பிரீத்திக்கு இரண்டு, ஷீத்தலுக்கும் ராகேஷுக்கும் சேர்த்து ஒன்று). இதில் டோக்கியோவிலும் வென்றவர்கள் 11 பேர். 18 பேர் பாராலிம்பிக் பதக்கத்தை முதல் முறையாகப் பார்த்தவர்கள். இது நல்ல விகிதம். ஆனால் பிரிவுவாரியாகப் பார்த்தால் உயரம் தாண்டுதலில் ஒரு புதிய பெயர்கூட இல்லை. அந்த நால்வருக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்து யார் என்ற கேள்வி அங்கே உடனடியாக நிற்கிறது.

வராத இடம்

பாரிஸில் நீச்சலில் மட்டும் 141 தங்கங்கள் இருந்தன. தடகளத்துக்கு அடுத்து பெரிய சுரங்கம் அதுதான். இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒருவர், சுயஷ் ஜாதவ். குழு விளையாட்டு எதிலும், சக்கர நாற்காலி கூடைப்பந்து, ரக்பி, உட்கார்ந்து ஆடும் வாலிபால், பார்வையற்றோர் கால்பந்து, எதிலும் இந்தியக் கொடி இல்லை.

ஏன் என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். ஈட்டி எறிய ஒரு மைதானமும் ஓர் ஈட்டியும் போதும். பல வீரர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திடலில் தொடங்கினார்கள். நீச்சலுக்குக் குளத்தின் உள்ளே இறங்க வேண்டும். எங்கள் ஊரில் உள்ள குளத்துக்கு, முழங்காலுக்குக் கீழே உணர்வில்லாத என் நண்பர் ஒருவரை அழைத்துப் போனேன். வாசலில் ஒன்பது படி. உடை மாற்றும் அறைக்கு இன்னும் நான்கு. தண்ணீருக்குள் இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி. ஊழியர் நல்லவர், "நான் தூக்கிட்டுப் போறேன் சார்" என்றார். நண்பர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். தினமும் ஒருவர் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத்தான் நீந்த முடியும் என்றால் எத்தனை பேர் நீந்த வருவார்கள்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களில் தடையின்றி நுழைய வசதி வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் குளத்துக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

சக்கர நாற்காலி விளையாட்டுகளுக்கு இன்னொரு தடை, நாற்காலி. வீட்டில் உட்காரும் நாற்காலியில் கூடைப்பந்து ஆட முடியாது. சக்கரம் சாய்ந்த, ஆட்டத்துக்கென்றே செய்த நாற்காலி வேண்டும், அதுவும் ஓர் அணிக்குப் பன்னிரண்டு வேண்டும். சென்னையிலிருந்து மாதவி லதா கட்டியெழுப்பிய சக்கர நாற்காலி கூடைப்பந்துக் கூட்டமைப்பு பல மாநிலங்களில் அணிகளை உருவாக்கியிருக்கிறது. குழந்தையிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டவர் அவர், நீச்சல் வீராங்கனையும்கூட. சரோஹா கிளப் எறிதலில் செய்த வேலையை அவர் கூடைப்பந்தில் செய்துகொண்டிருக்கிறார் என்றே நான் பார்க்கிறேன்.

அப்புறம் பரிசுத்தொகை. மத்திய அரசு தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50, வெண்கலத்துக்கு 30 லட்சம் அறிவித்தது. ஹரியானாவில் தங்கத்துக்கு 6 கோடி. தமிழ்நாடு துளசிமதிக்கு 2 கோடியும் மற்ற மூவருக்கும் தலா 1 கோடியும் தந்தது. இதில் ஒரு ரூபாயையும் நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் பட்டதற்கு இது அதிகமே இல்லை. ஆனால் இது வென்ற பிறகு வரும் பணம். தமிழ்நாடு தந்த அந்த ஐந்து கோடியோடு இன்னொரு ஐந்து கோடியை எடுத்து, மாவட்டத்துக்கு ஒரு குளத்தில் சாய்தளமும் இறக்கிவிடும் இருக்கையும் அமைத்து, வென்றவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சியாளர் வேலை கொடுத்தால் அடுத்த வரிசை தானாக வளரும். ஓய்வு பெறும் ஒவ்வொரு பாரா வீரரும் ஒரு பாடசாலை. அவரை ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு தள்ளும் நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறோம்.

1972இல் ஹைடல்பர்க் குளத்தில் இந்தியாவுக்கு முதல் தங்கம் எடுத்துத் தந்த முரளிகாந்த் பெட்கருக்கு, பாரிஸ் முடிந்த பிறகு, 2025 ஜனவரியில், வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. அதே விழாவில் துளசிமதி, மணிஷா, நித்யஸ்ரீ மூவருக்கும் அர்ஜுனா. எண்பது வயது தாண்டிய பெட்கருக்குப் பின்னால், நீச்சலில் இன்றுவரை இரண்டாவது இந்தியப் பதக்கம் வரவில்லை.